அமெரிக்காவுல சின்ன காலேஜா, பெரிய யுனிவர்சிட்டியா, இல்ல நம்ம ஊரேவா: டெல்டா பசங்களுக்கு ஒரு ஒப்பீடு

என் சித்தப்பா பொண்ணு வலங்கைமான் பக்கம் பிளஸ் ஒன் படிக்கிறா. கணக்கு நல்லா வரும், வரலாறும் பிடிக்கும், என்ன படிக்கணும்னு இன்னும் முடிவு பண்ணல. "அக்கா, நீங்க போன மாதிரி சின்ன காலேஜுக்கு நானும் அப்ளை பண்ணட்டுமா, இல்ல எல்லாரும் சொல்ற பெரிய யுனிவர்சிட்டியா, ரெண்டும் வேணாம்னா கும்பகோணத்துலயே சேந்துடட்டுமா"ன்னு கேக்குறா. அவ மட்டும் இல்ல, மன்னார்குடி, பாபநாசம், மயிலாடுதுறைன்னு தெரிஞ்சவங்க வழியா வர்ற எல்லா பசங்களும் கிட்டத்தட்ட இதே கேள்விதான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல பாதி பாதியா சொல்றதுக்கு பதிலா முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல என் முடிவ சொல்லிடுறேன், அப்பறம் காரணம். சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல எய்டு (காலேஜ் கொடுக்கற பண உதவி) போக உங்க வீட்டுலேர்ந்து கட்ட வேண்டிய தொகை, இங்க ஒரு பிரைவேட் இன்ஜினியரிங் காலேஜுக்கு ஹாஸ்டலோட ஆகற செலவு அளவுக்கு வந்துச்சுன்னா, தயங்காம போங்க, அத மாதிரி படிப்பு வேற எங்கயும் கிடைக்காது. அந்த அளவுக்கு வரலன்னா போகாதீங்க. கடன் வாங்கி போற இடம் இல்ல அது. இத நான் அந்த காலேஜ் மேல அவ்ளோ பிரியம் வச்சிருந்தும்தான் சொல்றேன்.

எந்த மாதிரி காலேஜ பத்தி பேசுறேன்னு தெரியாதவங்களுக்கு: மொத்தமே 1,500லேர்ந்து 3,000 பேர் வரைக்கும் படிக்கிற இடம், பெரும்பாலும் இளங்கலை மட்டும்தான், வாத்தியாருக்கு முதல் வேலையே பாடம் நடத்துறது. இயற்பியலும் இருக்கும், தத்துவமும் இருக்கும், ரெண்டாவது வருஷம் முடியற வரைக்கும் மேஜர், அதாவது முக்கியப் பாடம், என்னன்னு சொல்ல வேண்டாம். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், ஸ்வார்த்மோர், கிரின்னல், கார்ல்டன், மெக்காலஸ்டர், ஓபர்லின், பெண்களுக்குன்னே இருக்கற ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், வெல்லஸ்லி, இதெல்லாம் அந்த வகை. நம்ம ஊர்ல யாருக்கும் பேர் தெரியாது, கல்யாண வீட்டுல சொன்னா "அது எங்கம்மா இருக்கு"ன்னுதான் கேப்பாங்க. ஆனா ஐ.நா. பொதுச்செயலாளரா இருந்த கோஃபி அன்னான் கானாவுலேர்ந்து வந்து 1961ல பட்டம் வாங்குனது மெக்காலஸ்டர்லதான்.

இப்ப காசு. இத கொஞ்சம் நீட்டித்தான் எழுதணும், ஏன்னா டெல்டா குடும்பங்களுக்குன்னு இதுல தனி சிக்கல் இருக்கு, கன்சல்டன்சிக்காரங்க யாரும் இத சொல்ல மாட்டாங்க.

இந்த காலேஜ்ங்க போட்டிருக்கற விலைய பாத்தா மயக்கமே வரும், பேர் பெற்ற காலேஜ்ல ஃபீஸ், ரூம், சாப்பாடு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல. ஆனா அந்த விலைய முழுசா கட்டுறவங்க ஒரு பகுதிதான். உங்க குடும்பத்தால எவ்ளோ முடியும்னு அவங்களே கணக்கு போட்டு, மீதிய காலேஜே கொடுக்கும். திருப்பி கட்ட வேண்டியது இல்ல. இதுல ரெண்டு வகை இருக்கு. ஆம்ஹெர்ஸ்ட், போடின் மாதிரி சில இடத்துல வெளிநாட்டு பசங்களுக்கும் சேத்து, எய்டு கேக்குறாங்களா இல்லையான்னு பாக்காமலே அட்மிஷன் முடிவு பண்ணுவாங்க. மத்த பெரும்பாலான காலேஜ்ல நீங்க எவ்ளோ எய்டு கேக்குறீங்கங்கறதும் அட்மிஷன் முடிவுல சேரும், அதாவது நிறைய கேட்டா சீட்டு கிடைக்கறது கஷ்டம், ஆனா அதுல சில காலேஜ் சீட்டு கொடுத்துட்டா தேவைய முழுசா தீத்து வைக்கும், இந்த ரெண்டாவது பாதிய உறுதியா சொல்ற காலேஜ மட்டும் லிஸ்ட்ல வச்சுக்கங்க. கெண்டக்கில பெரியா காலேஜ்னு ஒண்ணு, 1855ல ஆரம்பிச்சது, யாருகிட்டயும் டியூஷன் ஃபீஸ் வாங்கறது இல்ல, அதுக்கு பதிலா எல்லாரும் வாரத்துக்கு குறைஞ்சது 10 மணி நேரம் கேம்பஸ்ல வேலை பாக்கணும், வெளிநாட்டு பசங்கள ரொம்ப கொஞ்சமா எடுப்பாங்க ஆனா எடுத்தவங்கள நல்லா பாத்துக்கறாங்க.

டெல்டா சிக்கல் எங்கன்னா, சிஎஸ்எஸ் புரொஃபைல்னு ஒரு ஃபாரம், அதுல அப்பா அம்மாவோட வருமானம், வரி கட்டுன விவரம், சொத்து மதிப்பு எல்லாம் கேப்பாங்க. சம்பளக்காரங்க வீடுன்னா ஃபாரம் 16 இருக்கும். விவசாய வருமானத்துக்கு நம்ம நாட்டுல வருமான வரியே கிடையாது, அதனால நிறைய வீட்டுல ரிட்டர்ன் போடுற பழக்கமே இல்ல, கையில காகிதம்னு ஒண்ணும் இருக்காது. இதுக்காக பயந்து விட்டுடாதீங்க. தாசில்தார் கிட்டேர்ந்து வருமானச் சான்றிதழ், சிட்டா, அடங்கல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல நெல்லு போட்டதுக்கான ரசீது, பணம் ஏறுன பாஸ்புக் பக்கம், சொசைட்டி கடன் இருந்தா அந்த காகிதம், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, தமிழ்ல இருக்கறத இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து வச்சு அனுப்பலாம், வரி ரிட்டர்ன் இல்லாதது ஏன்னு ஒரு பக்கம் எழுதணும். எய்டு ஆபீஸ்ல இருக்கறவங்க மனுஷங்கதான், கேள்வி கேட்டு மெயில் போடுவாங்க, பொறுமையா பதில் சொன்னா புரிஞ்சுக்குவாங்க.

இன்னொன்னு இதவிட முக்கியம். நிலத்தோட மதிப்பு. ஆத்துப் பாசனம் இருக்கற நாலு ஏக்கர் நஞ்சைய இன்னைக்கு மார்க்கெட் விலைக்கு டாலர்ல மாத்தி எழுதுனீங்கன்னா ஏதோ பெரிய பணக்காரக் குடும்பம் மாதிரி தெரியும், ஆனா அந்த நாலு ஏக்கர்லேர்ந்து குறுவையும் சம்பாவும் சேந்து எவ்ளோ வருது, அதுல உரம், ஆளு கூலி, அறுவடை மெஷின் வாடகை போக எவ்ளோ நிக்குதுன்னு வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். ஜூன் 12க்கு மேட்டூர் திறக்கலன்னா குறுவையே சந்தேகம், நவம்பர்ல மழ அதிகமா பெஞ்சு தண்ணி நின்னா சம்பா போச்சு. அந்த ஃபாரத்துல சிறப்பு சூழ்நிலைன்னு எழுத ஒரு இடம் விட்டிருப்பாங்க, இத எல்லாம் அங்க வருஷ வாரியா எழுதுங்க, இந்த வருஷம் இவ்ளோ மூட்ட, இந்த வருஷம் பாதிதான், காரணம் இது. அந்த நிலம் வித்து காசாக்கற சொத்து இல்ல, அதுதான் குடும்பத்தோட சம்பளம்னு அவங்களுக்கு புரிய வைக்கறது உங்க பொறுப்பு. ஃபாரத்துக்கு கட்டணம் இருக்கு, கஷ்டம்னா காலேஜுக்கு எழுதி கேளுங்க, சில இடத்துல ஐஎஸ்எஃப்ஏஏன்னு இலவச ஃபாரமே வாங்கிக்குவாங்க.

பெரிய யுனிவர்சிட்டிக்கு லோன் போட்டு போறது தான் நம்ம பக்கம் இப்ப அதிகம். அதுலயும் இதே நிலம்தான் குறுக்க வரும். ஏழரை லட்சத்துக்கு மேல படிப்புக் கடன்னா பொதுவா பேங்க் அடமானம் கேக்கும், விவசாய நிலத்த கொண்டு போனா முகத்த சுளிப்பாங்க, ஏன்னா 2002ல வந்த சர்ஃபேசி சட்டத்துல விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கு, கடன் நின்னு போனா அந்த சட்டத்த வச்சு அத பேங்க் எடுக்க முடியாது. அதனால டவுன்ல மனை, வீடு இருக்கறவங்களுக்கு லோன் சுலபம், கிராமத்துல பத்து ஏக்கர் இருக்கறவங்களுக்கு கஷ்டம். கடைசில மாமா வீட்ட அடமானம் வைக்கறதுல போய் நிக்கும். 40 லட்சம் லோன், 11 சதவீத வட்டி, 10 வருஷத்துல கட்டுறதுன்னு வச்சா மாசம் சுமார் 55,000 ரூபா வரும், படிக்கற காலத்துல ஏறுற வட்டி இதுல சேரல. அமெரிக்காவுல வேலை கிடைச்சா இது ஒண்ணுமே இல்ல. கிடைக்காம ஊருக்கு திரும்புனா ஒரு குடும்பத்தையே முடக்கிடும். நாலு வருஷ இளங்கலைக்கு 40 லட்சமும் பத்தாது, இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்டுக்கு பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டில வருஷத்துக்கு 40,000 டாலர்லேர்ந்து 80,000 வரைக்கும் ஆகும், அங்க இளங்கலை பசங்களுக்கு தேவைய பாத்து எய்டு கொடுக்கறது ரொம்ப அபூர்வம், 5,000 டாலர் 10,000 டாலர்னு மார்க்குக்கு ஒரு ஸ்காலர்ஷிப் கொடுப்பாங்க, அத வாங்குன சந்தோஷத்துல மீதி எவ்ளோன்னு பாக்க மறந்துடுவோம். ஸ்காலர்ஷிப் தொகைய வச்சு ரெண்டு இடத்த ஒப்பிடவே கூடாது, கைலேர்ந்து போற காச வச்சு மட்டும் ஒப்பிடணும்.

இப்ப படிப்பு எப்படி இருக்கும்னு. இதுதான் எனக்கு பேசப் பேச தீராதது.

நான் போனது மிட்வெஸ்ட்ல ஒரு சின்ன ஊரு. சுத்தி மக்காச்சோளமும் சோயாவும், கண்ணுக்கு எட்டுற வரைக்கும் சமவெளி, அது மட்டும் நம்ம ஊரு மாதிரியே இருந்துச்சு, ஆனா வயல்ல ஒரு ஆள் தெரியாது, ரோட்ல நடந்து போற ஆள் தெரியாது. முதல் செமஸ்டர்ல எழுதற பயிற்சிக்குன்னே ஒரு வகுப்பு, பதினஞ்சு பேருக்குள்ள, வட்டமா உக்காந்து பேசணும். மார்க்குல ஒரு பங்கு பேசுறதுக்கு. நம்ம பக்கம் பன்னெண்டு வருஷம் கைய கட்டி உக்காந்து, கேட்டா மட்டும் எழுந்து நின்னு பதில் சொல்லி பழகுன பொண்ணுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சு பாருங்க. படிச்சிட்டு வரலன்னா அன்னைக்கே தெரிஞ்சிடும், வரலன்னா புரொபசரே "நேத்து ஏன் காணோம், உடம்பு சரியில்லையா"ன்னு மெயில் போடுவாங்க. ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. இது சில பேருக்கு வரம், சில பேருக்கு மூச்சு முட்டும்.

ஆபீஸ் ஹவர்ஸ்னு புரொபசர் ரூம் கதவ திறந்து வச்சு உக்காந்திருப்பாங்க, போயி என்ன வேணா கேக்கலாம். வெளிநாட்டுலேர்ந்து போற நம்ம பசங்க அங்க போறதுக்கு கூச்சப்படுவாங்க, தெரியலன்னு சொன்னா மரியாதை போயிடும்னு நினைப்பாங்க. அந்த கூச்சத்த முதல் மாசத்துலயே விட்டவங்கதான் அங்க நல்லா வந்தாங்க, இத நான் ஒவ்வொரு பேட்ச்லயும் பாத்தேன். ரைட்டிங் சென்டர்னு ஒண்ணு இருக்கும், கட்டுரைய எடுத்துட்டு போனா பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொரு பத்தியா "இங்க நீ என்ன சொல்ல வர்ற"ன்னு கேப்பாங்க, திருத்தி கொடுக்க மாட்டாங்க, நம்மளையே திருத்த வைப்பாங்க. தமிழ் மீடியத்துல படிச்சுட்டு போனாலும் ரெண்டாவது வருஷத்துக்குள்ள இங்கிலீஷ்ல வாதம் பண்ணி எழுத வந்துடும். காப்பி அடிக்கறத பத்தி ரொம்ப கறாரா இருப்பாங்க, நோட்ஸ அப்படியே எழுதறது நம்ம ஊர்ல நல்ல பிள்ளைக்கு அடையாளம், அங்க யாரு சொன்னதுன்னு குறிப்பிடாம ரெண்டு வரி எழுதுனாலும் கமிட்டில போய் நிக்கணும். போறதுக்கு முன்னாடியே இத தெரிஞ்சுக்கங்க.

முதுகலை பசங்க இல்லாததால ஆராய்ச்சி வேலையெல்லாம் இளங்கலை பசங்களுக்குத்தான் வரும். கோடை லீவுல புரொபசரோட சேந்து வேலை பாக்கலாம், காசும் கொடுப்பாங்க, தங்க இடமும் பெரும்பாலும் கிடைக்கும். மாஸ்டர்ஸ், பிஎச்டிக்கு ரெகமண்டேஷன் லெட்டர் எழுதும்போது உங்கள மூணு வருஷமா பக்கத்துலேர்ந்து பாத்தவங்க எழுதுவாங்க. முன்னூறு பேர் கிளாஸ்ல உக்காந்தவங்களுக்கு அந்த மாதிரி லெட்டர் வாங்கறது கஷ்டம்.

கஷ்டமும் சொல்லணும். குளிர் மைனஸ் 20 டிகிரிக்கு போகும், தஞ்சாவூர் மார்கழிக்கே ஸ்வெட்டர் தேடுற நமக்கு முதல் வருஷம் படுத்தும். அரிசி, பருப்பு வாங்க இந்தியன் கடைக்கு கார்ல யாராவது கூட்டிட்டு போனாத்தான் உண்டு. மெஸ் சாப்பாட்டுக்கு காசு முன்னாடியே எடுத்துடுவாங்க, அங்கதான் சாப்பிடணும், சைவம் கிடைக்கும் ஆனா ரசம் சாதத்துக்கு மனசு ஏங்கும். தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் லீவுல எல்லாரும் வீட்டுக்கு போயிடுவாங்க, சில காலேஜ்ல டார்மையே (ஹாஸ்டல) பூட்டுவாங்க, அப்ப எங்க தங்கறதுன்னு சேர்றதுக்கு முன்னாடியே மெயில் போட்டு கேட்டுடுங்க. பல சின்ன ஊர்ல ஹோஸ்ட் ஃபேமிலின்னு ஒரு ஏற்பாடு இருக்கு, உள்ளூர் குடும்பம் ஒண்ணு நம்மள கூப்பிட்டு வச்சு சாப்பாடு போடுவாங்க. எனக்கு கிடைச்சவங்க வயசான விவசாயத் தம்பதி, மழ இல்லாத வருஷத்த பத்தி அவங்க பேசும்போது எங்க அப்பா பேசுற மாதிரியே இருக்கும், எங்க வீட்டு பொங்கல் போட்டோவ பாத்துட்டு கரும்ப பத்தி மட்டுமே ஒரு சாயங்காலம் முழுக்க கேட்டாங்க. பெரிய யுனிவர்சிட்டில நூறு தமிழ்ப் பசங்க இருப்பாங்க, பொங்கல் வைப்பாங்க, தீபாவளி நடக்கும். சின்ன காலேஜ்ல தமிழ் பேச ஒரு ஆள் இருந்தாலே அதிசயம். தனிமைய தாங்குவீங்களான்னு உங்கள நீங்களே கேட்டுக்கணும், இது சின்ன கேள்வி இல்ல.

பெரிய யுனிவர்சிட்டி எங்க ஜெயிக்குதுன்னா இன்ஜினியரிங்ல. பெரும்பாலான லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல இன்ஜினியரிங்கே கிடையாது. ஸ்மித், ஸ்வார்த்மோர், லஃபாயெட், ஹார்வி மட் மாதிரி சில இடத்துல மட்டும் உண்டு. மூணு வருஷம் சின்ன காலேஜ்ல, ரெண்டு வருஷம் வேற யுனிவர்சிட்டில இன்ஜினியரிங்னு ஒரு ஏற்பாடு இருக்கு, ஆனா அந்த ரெண்டாவது இடத்துல எய்டு கிடைக்குமான்னு உறுதி இல்லாம அத நம்பி போகாதீங்க. வேலைக்கு கம்பெனிங்க நேரா கேம்பஸுக்கு வர்றதும் பெரிய இடத்துலதான் அதிகம், சின்ன காலேஜ்ல பழைய மாணவங்கள தேடிப் பிடிச்சு மெயில் போட்டு நீங்களே கதவ தட்டணும், அவங்க பதில் போடுவாங்க, அந்த பாசம் உண்டு, ஆனா தட்டறது நீங்கதான்.

விசா விதி ரெண்டுக்கும் ஒண்ணுதான். எஃப்-1ங்கற மாணவர் விசால காலேஜ் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் கேம்பஸ்ல மட்டும் வேலை பாக்கலாம், லைப்ரரில உக்காரறது, மெஸ்ல பரிமாறறது மாதிரி, அது கைச்செலவுக்குத்தான் பத்தும், ஃபீஸ் கட்ட அத நம்பாதீங்க. படிப்பு முடிஞ்சா ஓபிடிங்கற வேலை அனுமதில 12 மாசம் வேலை பாக்கலாம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு) பட்டியல்ல இருக்கற மேஜர்னா இன்னும் 24 மாசம். இதனால மேஜரோட வகைப்பாடு முக்கியம், பொருளாதாரத்த சில காலேஜ் ஸ்டெம்மா பதிவு பண்ணியிருக்கு, சில காலேஜ் பண்ணல, ஒரே படிப்பு ஆனா மூணு வருஷம் ஒரு வருஷம்னு வித்தியாசம் வந்துடும். அதுக்கப்பறம் எச்-1பிங்கற வேலை விசாவுக்கு குலுக்கல், வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு கூடுதலா 20,000, இதுல உலகமே நிக்குது. அங்கயே தங்கிடலாம்ங்கற ஒரே கணக்குல மட்டும் இளங்கலைக்கு போகாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

இந்தியாவுக்குள்ளயே இந்த மாதிரி படிப்பு இப்ப இருக்கு. சோனிபட்ல அசோகா 2014லேர்ந்து நடக்குது, பெங்களூர்ல அசிம் பிரேம்ஜி, ஸ்ரீசிட்டில கிரியா. கிரியா சென்னைலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள, அப்பா அம்மா ரயிலேறி வந்து பாத்துட்டு போகலாம். தேவைய பாத்து ஃபீஸ் குறைப்பாங்க, அதுலயும் அசிம் பிரேம்ஜில வசதி குறைஞ்ச குடும்பங்களுக்கு நல்லாவே உதவி இருக்கு. விசா கவலை இல்ல, பனி இல்ல. வெளிநாட்டு காலேஜுக்கு போடுற அதே கட்டுரைய கொஞ்சம் மாத்தி இங்கயும் போடலாம், எல்லாரும் போட்டு வைக்கணும்னு சொல்வேன்.

நம்ம ஊரு காலேஜ கடைசியா வச்சது அது மட்டம்ங்கறதால இல்ல. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854ல பள்ளிக்கூடமா ஆரம்பிச்சது, காவேரிக் கரையில அந்த கட்டிடத்துக்குள்ள போனாலே ஒரு மரியாதை வரும். உ.வே.சாமிநாதையர் 1880ல தமிழ் ஆசிரியரா சேந்தது அங்கதான். ராமானுஜன் 1904ல ஸ்காலர்ஷிப்போட சேந்ததும் அங்கதான், கணக்க தவிர வேற எதையும் படிக்காம மத்த பாடத்துல ஃபெயிலாகி அந்த ஸ்காலர்ஷிப்ப இழந்ததும் அங்கதான். இத நான் அடிக்கடி நினைப்பேன். எல்லாப் பாடத்துலயும் பாஸ் பண்ணாத்தான்னு இருக்கற இடத்துல அந்த மாதிரி ஒரு ஆளுக்கு இடம் இல்லாம போச்சு. லிபரல் ஆர்ட்ஸ்னு போனாலும் நிறைய காலேஜ்ல கட்டாயப் பாடம் உண்டு, ஒரு அறிவியல், ஒரு மொழி, ஒரு கலைன்னு. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் மூழ்கிக் கிடக்கற பிள்ளைன்னா ஆம்ஹெர்ஸ்ட், கிரின்னல் மாதிரி கட்டாயப் பாடம் கிட்டத்தட்ட இல்லாத இடமா பாக்கணும், கிரின்னல்ல முதல் செமஸ்டர் டுடோரியல் ஒண்ணுதான் எல்லாருக்கும் கட்டாயம், மத்ததெல்லாம் நீங்களும் அட்வைசரும் உக்காந்து முடிவு பண்றது.

ஊர்லயே படிச்சா செலவு ரொம்ப கம்மி, அரசு காலேஜ்ல ஃபீஸ்னு சொல்ற அளவுக்கே இருக்காது, அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும். பூண்டி புஷ்பம், திருச்சி செயின்ட் ஜோசப், திருவாரூர்ல 2009ல வந்த மத்தியப் பல்கலைக்கழகம்னு நல்ல இடங்கள் இருக்கு. மூணு வருஷம் நல்லா படிச்சுட்டு, அதுக்கப்பறம் வெளிநாட்டுக்கு பிஎச்டிக்கு போனா அங்க ஃபீஸும் கட்ட வேண்டாம், மாசாமாசம் உதவித்தொகையும் உண்டு. இந்த வழியில நம்ம பக்கத்துலேர்ந்து போனவங்க நிறைய. ஒண்ணு கவனிக்கணும், மூணு வருஷ டிகிரிய மட்டும் வச்சு அமெரிக்காவுல சில யுனிவர்சிட்டி மேற்படிப்புக்கு எடுக்காது, நாலு வருஷம் கேக்கும், அப்ப இங்கயே எம்.எஸ்சி. முடிச்சுட்டு போறது நல்லது. இந்த வழில இழக்கறது என்னன்னா அந்த பதினஞ்சு பேர் வட்டம்தான். கிளாஸ்ல அறுபது பேர், செமஸ்டர் பரீட்சை, யூனிட் டெஸ்ட், கேள்வி கேட்டா நேரம் இல்ல. தானா தேடிப் படிக்கற பிள்ளைக்கு அது தடையில்ல, யாராவது தட்டிக் கொடுத்தா பூக்கற பிள்ளைக்கு அது இழப்புதான்.

டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சின்னு மனசுல இருக்கறவங்க வெளிநாட்டு டிகிரி வாங்குனா இங்க சமநிலைச் சான்றிதழ் வாங்கணும், அந்த அலைச்சல் இல்லாம நேரா வர ஊர்லயே படிக்கறது மேல்.

இப்ப சித்தப்பா பொண்ணு மாதிரி பிள்ளைக்கு, ரெண்டு மூணு துறை பிடிக்கும், நிலம் இருக்கு பணம் இல்ல, என் யோசனை இப்படி. சின்ன காலேஜ் எட்டு பத்துக்கு போடு, தேவைய முழுசா தீக்கறேன்னு சொல்றது மட்டும், சில இடத்துல அப்ளிகேஷன் ஃபீஸே கிடையாது, இருக்கற இடத்துல எழுதி கேட்டா தள்ளுபடி பண்ணுவாங்க. ஒண்ணு ரெண்டு இந்தியாவுல போடு. கூடவே திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு சியுஇடி நுழைவுத் தேர்வு எழுது. பெரிய யுனிவர்சிட்டிய விட்டுடு. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான், இன்ஜினியரிங்தான்னு உறுதியா இருக்கற பையன் வந்து கேட்டா வேற மாதிரி சொல்வேன், இங்க பி.இ. முடிச்சுட்டு மாஸ்டர்ஸுக்கு போ, லோன் போடுறதுன்னா அந்த ரெண்டு வருஷத்துக்கு மட்டும் போடுன்னு. எங்க சித்தப்பா கேட்டாரு, "பொம்பள புள்ளைய அவ்ளோ தூரம் தனியா அனுப்பறதாம்மா, கூத்தாநல்லூர் பக்கம் சிங்கப்பூர் போறாங்கன்னா அங்க நம்ம ஆளுங்க இருக்காங்க"ன்னு. நான் சொன்னேன், "சித்தப்பா, சின்ன காலேஜ்ல அவ ராத்திரி சாப்பிட வரலன்னா ரூம்மேட்டுக்கு தெரியும், ரெண்டு நாள் கிளாஸுக்கு வரலன்னா டீனுக்கு தெரியும், நாப்பதாயிரம் பேர் இருக்கற இடத்தவிட அங்கதான் அவளுக்கு துணை அதிகம்." ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் மாதிரி பெண்கள் காலேஜ அவர் கிட்ட காட்டுனதும் கொஞ்சம் இறங்கி வந்தாரு.

தேதிங்கதான் நம்ம பக்கம் எப்பவும் உதைக்கும். ஏர்லி டிசிஷன்னு சொல்றது, அதாவது ஒரே காலேஜுக்கு முன்கூட்டியே அப்ளை பண்றது, நவம்பர் 1 இல்ல 15ல முடியும், சீட்டு கிடைச்சா கட்டாயம் சேரணும், அந்த நேரம் நமக்கு அடைமழ, புயல் காலம், கரண்ட் இருக்காது, நெட் இருக்காது, அக்டோபர்லயே சப்மிட் பண்ணிடுங்க. எய்டு சரியா வரலன்னா மட்டும் ஏர்லி டிசிஷன்லேர்ந்து விலகிக்கலாம். ரெகுலர் ரவுண்டு ஜனவரி முதல் ரெண்டு வாரம், அரையாண்டுப் பரீட்சை முடிஞ்ச கையோட. எய்டு ஃபாரமும் அந்த வாக்குலதான், சம்பா அறுவடைக்கு முன்னாடி, அதனால இந்த வருஷ வருமானம் எவ்ளோன்னு உங்களுக்கே தெரியாது, போன வருஷ ரசீத வச்சு மதிப்பு போட்டு எழுதுங்க, அறுவடை முடிஞ்சதும் திருத்தம் அனுப்பலாம். மார்ச் கடைசிக்குள்ள முடிவு வரும், அப்ப நீங்க பப்ளிக் எக்ஸாம் எழுதிட்டு இருப்பீங்க, பாதியில மெயில் திறந்து பாக்காதீங்க. மே 1க்குள்ள பதில் சொல்லணும்.

எல்லாத்தையும் விட நேரம் பிடிக்கறது டீச்சர் லெட்டர். நம்ம பள்ளிக்கூடத்துல நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி நாலு வரி எழுதி சீல் வச்சு கொடுப்பாங்க, அது அங்க எடுபடாது. உங்கள நல்லா தெரிஞ்ச ரெண்டு டீச்சர் கிட்ட பிளஸ் ஒன் முழுப் பரீட்சை லீவுக்கு முன்னாடியே போயி, கிளாஸ்ல நீங்க கேட்ட கேள்வி, பண்ண புராஜெக்ட், யாருக்கு சொல்லிக் கொடுத்தீங்க, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்து, "மிஸ், இத பத்தி உங்க நினைவுல இருக்கறத எழுதுங்க, தமிழ்லயே எழுதுனாலும் பரவால்ல, மொழிபெயர்த்துக்கலாம்"னு கேளுங்க. ஸ்கூல் ஹெட்மாஸ்டர் ஆன்லைன்ல மார்க் ஏத்தணும், அவருக்கு இது முதல் தடவையா இருக்கும், பக்கத்துல உக்காந்து உதவி பண்ற ஆள இப்பவே பாத்து வச்சுக்கங்க. ஒன்பதாம் வகுப்புலேர்ந்து மார்க் கேப்பாங்க, ஒன்பதாவது ரெக்கார்டு ஸ்கூல்ல எங்க கிடக்குன்னு இந்த வாரமே போயி தேட சொல்லுங்க.